கைவினைக் கேள்வி – பதில்: மவுண்ட் அட்டையில் ரப்பர் ஸ்டாம்ப் அலங்காரம்

கேள்வி: எங்கள் தாத்தா, பாட்டியின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படத்துக்குப் புதிதாக ஃபிரேம் போடுகிறோம். படத்தைச் சுற்றி வரும் வெள்ளை மவுண்ட் அட்டையில் ரப்பர் ஸ்டாம்பால் பூங்கொடி அச்சிட ஆசை. அலுவலக முத்திரைக்கான ஊதா மையால் ஓர் அட்டையில் அடித்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் கசிந்துவிட்டது. எப்படிச் செய்வது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: குறை உங்கள் கையில் இல்லை, மையில்தான் இருக்கிறது. அலுவலக மை தாளுக்குள் சட்டென ஊறுவதற்காகவே தயாரிக்கப்படுவது. மவுண்ட் அட்டையின் மேல்தாள் மென்மையாக இருந்தால், அது இழை வழியே பரவிக் கோட்டின் கூர்மையைக் கெடுத்துவிடும். அதோடு, இத்தகைய சாய மைகள் பெரும்பாலும் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்பதால், ஆண்டுக்கணக்கில் சுவரில் தொங்கப்போகும் படத்துக்கு அவை உதவா. கைவினைப் பொருள் கடைகளில் 'பிக்மென்ட் இங்க் பேட்' என்று கேட்டு வாங்குங்கள். அதன் நிறத்துகள்கள் தாளின் மேலேயே தங்குவதால் அச்சு தெளிவாக விழும். நிறமும் எளிதில் மங்காது. ஆனால் உலர நேரமெடுக்கும்; ஓர் இரவு முழுவதும் தொடாமல் வைத்த பிறகே கண்ணாடி போட வேண்டும்.

ஃபிரேம் கடைக்காரர் அட்டையின் நடுவே சன்னல் வெட்டும்போது விழுகிற துண்டை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே தாள், அதே சொரசொரப்பு என்பதால், ஒத்திகை பார்க்க அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. சன்னலின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டு வெள்ளைக் கோடாகத் தெரியும் அல்லவா? அதில் மை பட்டால் எடுக்கவே முடியாது. அந்தத் துண்டை முன்பக்கத்திலிருந்து சன்னலில் பொருத்தி, பின்னால் டேப் ஒட்டிவிட்டால், சாய்வு முழுவதும் மறைந்துவிடும். கொடியைச் சன்னலைத் தாண்டியும் அச்சிடலாம். மை உலர்ந்தபின் துண்டை எடுத்தால், கொடி படத்துக்குப் பின்னே ஓடி மறைவதுபோலத் தோன்றும்.

ஸ்டாம்பைப் பேடில் அழுத்தாதீர்கள். ஸ்டாம்பைத் திருப்பி வைத்து, பேடால் அதன் முகத்தை மெல்ல ஒற்றுங்கள். ரப்பரின் ஓரத்தில் படிந்த மையைத் துடைத்துவிட்டு, அட்டைக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள்களை விரித்து, நேராக அழுத்தி நேராகவே தூக்குங்கள். அசைத்தால் இரட்டைக் கோடு விழும்.

பழைய படத்துக்குச் சாம்பலோ காவிப் பழுப்போ பொருந்தும். முதல் அச்சை வேறு தாளில் அடித்துவிட்டு, மறுபடி மை தொடாமல் இரண்டாவதை மவுண்டில் அடித்தால் நிறம் இதமாக அமையும். நான்கு பக்கமும் நிரப்பினால் பார்ப்பவர் கண் தாத்தா, பாட்டியிடம் போகாது. எதிரெதிரான இரண்டு மூலைகளே போதும் என்பது என் கருத்து. அட்டை அமிலமற்றதா என்றும் கேளுங்கள். அமிலமுள்ள அட்டை நாளடைவில் மஞ்சளாகி, படத்திலும் கறை ஏற்றிவிடும்.

கேள்வி: மரப்பிடி போட்ட ரப்பர் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாமா?
— வாசகர், மதுரை

பதில்: கூடாது. ஊறினால் பசை விட்டு ரப்பர் பிடியிலிருந்து கழன்றுவிடும். மை காய்வதற்குள் ஈரத்துணியில் பலமுறை ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுங்கள். வெயில் பட்டால் ரப்பர் இறுகி வெடிக்கும்.