வாஷிங் மெஷினில் வினிகரும் சமையல் சோடாவும் போட்டுப் பார்த்தும் நாற்றம் போகவில்லை, வேறு என்ன செய்வது?

இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தால் போகாதுதான். வினிகர் அமிலம், சோடா காரம். இரண்டும் பொங்கி ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த யோசனை இன்னும் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

உங்களுடையது ஃப்ரண்ட் லோடு மெஷின் என்று வைத்துக்கொள்கிறேன். பளபளவென்று தெரிகிற ஸ்டீல் டிரம் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். அதற்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. அலசலில் போகாத சோப்பு, உடம்பு எண்ணெய், பஞ்சுத் துகள், ஃபேப்ரிக் கண்டிஷனரின் மெழுகுத்தன்மை எல்லாம் அதன் உட்சுவரிலும் டிரம்மைப் பின்பக்கம் தாங்கும் உலோகக் கைகளிலும் வழவழவென்று படியும். அதில்தான் பாக்டீரியா குடியேறுகிறது. 30 டிகிரியிலேயே எப்போதும் துவைத்தால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் ஃபில்டர். மெஷினின் முன்பக்கம் கீழ்மூலையில் சின்னக் கதவு இருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு, தட்டையான தட்டும் பழைய துணியும் வைத்துக்கொண்டு, பக்கத்தில் சின்னக் குழாய் இருந்தால் அதன் வழியாகத் தண்ணீரை வடியுங்கள். பிறகு மூடியை இடப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். துவைத்த உடனே திறக்காதீர்கள், தண்ணீர் சூடாக இருக்கும். முடியும் பஞ்சும் திரண்டு சாம்பல் நிறத்தில் சகதி மாதிரி வந்தால், நாற்றத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருந்திருக்கிறது. இந்தக் கதவை மறைத்து அலமாரி அடித்துவிட்டுப் போகிறவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. மாதம் ஒருமுறை திறக்க வேண்டியதை வருஷக்கணக்கில் திறக்க முடியாமல் செய்துவிடுகிறார்கள்.

அடுத்து கதவைச் சுற்றியுள்ள ரப்பர். அடிப்பக்கத்தில் இரண்டு விரலால் மடிப்பை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்மடிப்பில் தேங்கிய தண்ணீர், தலைமுடி, கரும்புள்ளிகள் தெரியும். மடிப்பின் அடியில் இருக்கும் சின்ன வடிகால் துளைகள் அடைத்திருந்தால் பஞ்சுக் குச்சியால் எடுத்துவிடுங்கள். கரும்புள்ளிக்கு நீர்த்த பிளீச்சில் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் ஒட்டி வைத்து, நன்றாகத் துடைத்தெடுங்கள். ஆழமாக ஊறிய கறை போகாமல் இருக்கலாம். வழவழப்பு போனால் போதும். பிளீச் பட்ட இடத்தில் வினிகரோ சிட்ரிக் அமிலமோ சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

சோப்புத் தட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கழுவுங்கள். தட்டு உட்காரும் குழியின் மேற்கூரையைப் பலரும் தொடுவதே இல்லை. பழைய பல் துலக்கியால் அங்கேயும் தேயுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் சுடுதண்ணீர் ஓட்டம். துணி போடாமல், சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் பிளீச்) பவுடர் 100 கிராமை நேராக டிரம்மில் கொட்டி, 60 டிகிரியில் நீளமான சுற்று வையுங்கள். பழைய படிவு ஒரே ஓட்டத்தில் போகாது. தண்ணீரில் செதில் செதிலாக வந்தால் இன்னொரு முறை ஓட்டுங்கள். ‘பத்து வருஷமாக வினிகர்தான் ஊற்றுகிறேன், நன்றாகத்தானே இருக்கிறது’ என்று சிலர் சொல்வார்கள். உப்புப் படிவுக்கு வினிகர் உதவும், மறுக்கவில்லை. எண்ணெய்ப் படிவைக் கரைக்க அதனால் ஆகாது, அடிக்கடி ஊற்றினால் ரப்பருக்கும் நல்லதல்ல.

திரும்ப வராமல் இருக்க சோப்பைக் குறைக்க வேண்டும். மூடி நிறைய லிக்விட் ஊற்றுவதுதான் பல வீடுகளில் மூலகாரணம். வழக்கமான அழுக்குக்கு 30 மில்லி போதும். சந்தேகமிருந்தால், துவைத்த துண்டுகளைச் சோப்பில்லாமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் கதவுக் கண்ணாடியில் நுரை கட்டினால், அது முன்பு போட்டதில் மிஞ்சிய சோப்பு. லிக்விடில் பிளீச் இருக்காது என்பதால், வெள்ளைத் துணிகளையும் துண்டுகளையும் வாரம் ஒருமுறை ஆக்சிஜன் பிளீச் உள்ள பவுடரில் 60 டிகிரியில் துவைத்தால் தொட்டியும் சேர்ந்து சுத்தமாகும். துவைத்து முடிந்ததும் துணியை எடுத்துவிட்டு, கதவையும் தட்டையும் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் உள்ளே ஏறிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

டாப் லோடு என்றால் பஞ்சுப் பையைக் கழுவி, தொட்டி நிறையச் சுடுதண்ணீர் விட்டு, அதே பவுடரைக் கலந்து சில மணி நேரம் ஊறவிட்டு ஓட்டுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

வருவது அழுகிய முட்டை வாடையா? அப்படியானால் சாக்கடைக் குழாயைப் பாருங்கள். கழிவுக் குழாயை உள்ளே ஆழமாகச் செருகியிருந்தாலோ, மேலே தூக்கி வளைக்காமல் தரையோடு விட்டிருந்தாலோ அந்தக் காற்று மெஷினுக்குள் ஏறும். ரப்பர் கருகும் வாடை வந்தால் இவை எதையும் செய்யாமல் பிளக்கை எடுத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அது பெல்ட்டாகவோ மோட்டாராகவோ இருக்கும்.