பாகில் ஊறும் பழம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, பாகில் ஊறவைத்து உலர்த்தும் இனிப்புப் பழம் செய்ய, அன்னாசித் துண்டுகளைக் கெட்டிச் சர்க்கரைப் பாகில் போட்டு ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். எல்லாம் சுருங்கி, கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: அவசரம்தான் தப்பு. என் முதல் அன்னாசியும் செருப்புத் தோல் மாதிரிதான் வந்தது, அதனால் வருத்தப்படாதீர்கள்.

பழத்துக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வர வேண்டும், அந்த இடத்துக்குச் சர்க்கரை போக வேண்டும். இதில் தண்ணீர் வெளியேறுவது சுலபம், சர்க்கரை உள்ளே போவது மெதுவாக நடக்கும். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால் தண்ணீர் மொத்தமும் ஓடிவிடும், சர்க்கரை வந்து சேர்வதற்குள் பழம் சுருங்கிவிடும். அதனால்தான் நீர்த்த பாகில் ஆரம்பித்துத் தினமும் கொஞ்சம் கெட்டியாக்குகிறோம்.

நான் செய்யும் கணக்கு இது. பழம் 450 கிராம். அதை மூழ்கும் அளவு தண்ணீரில் மென்மையாக வேகவிட்டு வடித்துக்கொள்ளுங்கள். வெந்த தண்ணீரில் 300 மில்லி எடுத்து 175 கிராம் சர்க்கரை கரைத்துக் கொதிக்கவிட்டு, பழத்தின் மேல் ஊற்றி ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் பாகை மட்டும் வடித்து, 60 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, மறுபடி பழத்தின் மேல் ஊற்றுங்கள். இப்படியே நாள்தோறும். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பாகு தேன் மாதிரி கெட்டியானதும் கடைசியாக மூன்று நாள் அப்படியே விடலாம். கொதிப்பது பாகு மட்டும்தான். பழத்தைத் தினமும் அடுப்பில் ஏற்றினால் குழைந்துவிடும்.

கேள்வி: சரி, ஊறியாகிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு மட்டும் கண்ணாடி போல இருந்து நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் சர்க்கரை அதுவரை போகவில்லை, இன்னும் இரண்டு நாள் விடுங்கள். முழுத் துண்டிலும் வெளிச்சம் ஊடுருவினால் முடிந்தது.

கேள்வி: ஆரஞ்சுத் தோலில் செய்தேன். கசப்பு வாயைவிட்டுப் போகவே இல்லை.

பதில்: குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். இப்படி மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீர். கசப்பில் பெரும்பகுதி அதில் போய்விடும். துளிக் கசப்பு மிஞ்சினால் இருக்கட்டும். அதுகூட இல்லாவிட்டால் வெறும் இனிப்பைத்தான் மெல்லுவீர்கள்.

அப்புறம் நாலாவது தடவை, விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவிடுங்கள். சர்க்கரைக்குள் போன பிறகு தோல் மென்மையாகாது. வேகாத தோலை எத்தனை நாள் பாகில் ஊறவிட்டாலும் நார் நாராகத்தான் இருக்கும். இஞ்சிக்கும் இதே விதிதான்.

கேள்வி: டூட்டி ஃப்ரூட்டிக்குப் பப்பாளிக்காய் வேகவைத்தால் கூழாகிறதே?

பதில்: நன்றாகப் பழுக்காத, உள்ளே வெள்ளையாக இருக்கும் காயாக எடுங்கள். நறுக்கிய துண்டுகளைச் சுண்ணாம்புத் தெளிநீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்கலாம். சாப்பிடும் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் ஒரு லிட்டர். கலக்கி வைத்து, அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம் காயில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாலைந்து தண்ணீரில் அலசாமல் விடாதீர்கள். நிறம் சேர்ப்பதானால் கடைசிப் பாகில், ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கிண்ணத்தில்.

கேள்வி: பாகு அடியில் கற்கண்டு மாதிரி உறைந்துவிட்டது. மொத்தத்தையும் கொட்டிவிடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்கினால் கரைந்துவிடும். அதோடு எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி சேருங்கள். புளிப்பும் சூடும் சேர்ந்து சர்க்கரையில் ஒரு பங்கைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கும். அவை கலந்திருந்தால் மற்ற சர்க்கரை சுலபத்தில் மணியாகாது. லிக்விட் குளுக்கோஸ் இரண்டு கரண்டி விட்டாலும் அதே பலன். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மணிகளை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு மணி உள்ளே விழுந்தால் போதும், பாகு முழுக்க உறைய ஆரம்பிக்கும்.

கேள்வி: வெல்லத்தில் செய்யலாமா? சர்க்கரை இல்லாத இனிப்புத் தூளில்?

பதில்: வெல்லத்தில் செய்யலாம். நிறம் கறுக்கும், பிசுபிசுப்புப் போகாது, வெல்ல வாசனை பழ வாசனையை அமுக்கிவிடும். இஞ்சிக்குப் பொருந்தும், அன்னாசிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. இனிப்புத் தூளில் வேண்டாம். இங்கே சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை, கிருமிக்குத் தண்ணீர் கிடைக்காமல் தடுத்துப் பழத்தைக் காப்பதும் அதுதான். தூளில் அந்தக் காவல் கிடைக்காது.

கேள்வி: நாலாம் நாள் பாகில் நுரை, லேசான புளித்த வாடை. பரவாயில்லையா?

பதில்: நுரையும் வாடையும் சேர்ந்து வந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது. கொட்டிவிடுங்கள். முதல் சில நாள் பாகு நீர்த்திருக்கும், ஆபத்து அப்போதுதான். வெயில் காலத்தில் அந்த நாட்களில் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள்.

கேள்வி: எப்படி உலர்த்துவது?

பதில்: கம்பித் தட்டில் பரப்பி, ஓவன் அடுப்பு இருந்தால் அதில் 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில், இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில் மெல்லிய துணி மூடி ஓரிரண்டு நாள். தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அமுங்க வேண்டும். சர்க்கரையில் புரட்டுவதை அதற்குப் பிறகு செய்யுங்கள், ஈரத்தில் புரட்டினால் சர்க்கரை உருகி ஒழுகும். காற்றுப் புகாத டப்பாவில் சில மாதம் தாங்கும்.

கேள்வி: மிஞ்சிய பாகு இவ்வளவு இருக்கிறதே அக்கா?

பதில்: அதற்காகவே நான் ஆரஞ்சுத் தோல் செய்வதுண்டு! எலுமிச்சை ஜூஸிலும் கேக் மேல் தடவவும் அருமையாக இருக்கும். அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வதானால் கொதிக்கவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, அதே பழத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இஞ்சிப் பாகில் செர்ரியைப் போட்டுவிட்டு என்னிடம் கேட்காதீர்கள்.