மலைக் குடியிருப்பில் காரைக் குறைக்க முதலில் படிக்கட்டு, அப்புறம்தான் நடைபாதை

கேள்வி: கேத்தி பக்கம், குன்னூர்–ஊட்டி சாலைக்கு மேலே சுமார் 140 வீடுகள் உள்ள மனைப்பிரிவில் இருக்கிறோம். பால் பாக்கெட் வாங்கக்கூடக் காரை எடுக்க வேண்டியிருக்கிறது. பஸ் நிற்கும் இடம் எங்களுக்கு 30 மீட்டர் கீழே. வண்டிச் சாலையில் சுற்றிப் போனால் 700 மீட்டர். தேயிலைக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு, மழை பெய்தால் கால் வைக்க முடியாது. உள் சாலையின் அகலம் ஐந்தரை மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு மீட்டருக்குப் பேவர் பிளாக் நடைபாதை போடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு மீட்டரை நடைபாதைக்கு எடுத்தால் சாலைக்கு மூன்றரை மீட்டர்தான் மிஞ்சும். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று நடைபாதை மேல் ஏறும். ஒரே மழைக்காலத்தில் பிளாக்குகள் பெயர்ந்துவிடும். சாலை அமைப்புக்கு நெறிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்வதன்படி நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் பாதையில் மின்கம்பம் நின்றுவிட்டால், குடையோடு ஒருவர்கூடப் போக முடியாது.

உங்களைக் காரில் ஏற்றுவது அந்த 700 மீட்டர் சுற்று. அந்த ஒற்றையடிப் பாதைதான் உங்கள் சொத்து. பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

கணக்கு இப்படி. 30 மீட்டர் இறக்கத்துக்கு 15 செ.மீ. உயரத்தில் 200 படிகள். கால் வைக்கும் அகலம் 35 செ.மீ. என்றால் 70 மீட்டர். 12 படிக்கு ஒரு முறை ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டால் 16 சமதளம், 24 மீட்டர். மொத்தம் 94 மீட்டர் கிடை நீளம். படி உயரம் ஓரிடத்தில் 13, இன்னோரிடத்தில் 18 என்று மாறக்கூடாது. இறங்கும்போது கால் கணக்குத் தப்புவது அங்கேதான். மேஸ்திரியிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மலையில் படிக்கட்டைக் கெடுப்பது தண்ணீர். சரிவில் படிதான் தாழ்ந்த இடம் என்றால் அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். உச்சிப் படிக்கு மேலே குறுக்கே ஒரு வடிகால் வெட்டி, மேலிருந்து வரும் நீரை அங்கேயே திருப்புங்கள். படிக்கு ஓரமாக 30 செ.மீ. அகல வாய்க்கால் கூடவே இறங்கட்டும். ஒவ்வொரு சமதளமும் வாய்க்கால் பக்கம் 50-க்கு 1 சாய்வாக இருக்கட்டும். தடுப்புச் சுவரில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு நீர் வடியும் குழாய் வைத்து, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். குழாய் வைத்து ஜல்லியை விட்டுவிட்டால் மண் அடைத்து, சுவர் தள்ளிக்கொண்டு வரும். சரிவின் அடியை எந்திரத்தால் வெட்டவே வேண்டாம். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது உங்கள் ஊருக்குத் தெரியும்.

மேற்பரப்புக்குக் கொத்திய கருங்கல் நல்லது. டைல்ஸ், மெருகிட்ட கல் இரண்டும் கூடாது. நிழலும் ஈரமும் சேரும் இடத்தில் கருங்கல்லிலும் பாசி பிடிக்கும். கிளைகளைக் கழித்து, ஜூனுக்கு முன்னும் அக்டோபருக்கு முன்னும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் வைக்க வேண்டும். கைப்பிடி 90 செ.மீ. உயரத்தில், ஜி.ஐ. குழாயில். ஒவ்வொரு சமதளத்திலும் தரையை மட்டும் காட்டும் விளக்கு ஒன்று. இரண்டு பக்கமும் கம்பிவேலி அடைக்காதீர்கள். காட்டுமாடு எதிரே வந்தால் மனிதருக்கும் அதற்கும் ஒதுங்க வழி வேண்டும். குப்பைத் தொட்டியும் அங்கே வேண்டாம், கரடி தேடி வரும்.

இதற்கெல்லாம் முன்னால் நிலம். பாதை பட்டா நிலத்தில் போகிறதா என்று நில அளவைப் புலப்பட வரைபடத்தில் பாருங்கள். பட்டா என்றால், உரிமையாளர் பேரூராட்சிக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து தரட்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய படியைத் தோட்டம் கைமாறியதும் அடைத்துவிடுவார்கள்.

முதியவர்களுக்கு 200 படி ஆகாது. சக்கர நாற்காலிக்கேற்ற 12-க்கு 1 சரிவென்றால் 360 மீட்டர் நீளம், இடையில் சமதளங்கள் தனி. அதற்கு அங்கே இடம் இருக்காது. அவர்கள் வழி உள் சாலைதான். அதனால் அதைப் பிரித்து நடைபாதை போடுவதைவிட, முழுச் சாலையையும் 20 கி.மீ. வேகத்துக்கு இறக்குங்கள்: 60 மீட்டருக்கு ஒரு வேகத்தடை மேடை, வண்டி நிறுத்தம் ஒரே பக்கம், 150 மீட்டருக்கு ஒரு பெஞ்சு. மலைக்கு வரும் வண்டிகளுக்கான இ-பாஸ் இதைச் செய்துதராது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நாளொன்றுக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வைத்த வரம்பும் வெளியூர் வண்டிக்குத்தான். உங்கள் தெருவில் ஓடுவது உங்கள் கார்.

கீழே பெரிய சாலையைக் கடக்கும் இடம் ஆபத்தானது. ஏழு மீட்டர் சாலையைக் கடக்க ஒரு முதியவருக்கு ஏழு விநாடி ஆகும், 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 78 மீட்டர் வந்துவிடும். எனவே இரண்டு பக்கமும் 80 மீட்டராவது பார்வை தெரிகிற நேர்ப்பகுதியில் படிக்கட்டின் கால் முடியட்டும். நிறுத்தம் வளைவில் இருந்தால் நகர்த்தக் கேளுங்கள். அது தேசிய நெடுஞ்சாலை. பேரூராட்சியால் முடியாது, நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவிடம் மனு போக வேண்டும்.

பஸ் கேட்கும்போது எண்ணிக்கையோடு போங்கள். மூன்று நாள், காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6. அதில் ஒன்று பள்ளி விடுமுறை நாள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் காத்திருந்து ஆட்டோவில் போனார்கள் என்று எழுதுங்கள். கூடவே ஒரு பகுதி நேர ரேஷன் கடையும் ஒரு பால் பூத்தும் கேளுங்கள். காரை எடுக்கும் காரணங்களில் பாதி அங்கேயே தீரும்.

பணத்துக்கு, அரசும் மக்களும் செலவைப் பகிரும் நமக்கு நாமே திட்டம் பொருந்தும். செலவில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. வார்டு கவுன்சிலர் வழியாக மன்றத் தீர்மானத்தை மழைக்காலத்திலேயே வாங்கி வைத்து, ஜனவரியில் கல் வேலையைத் தொடங்கினால் ஏப்ரலுக்குள் முடிக்கலாம். மே மாதத்துக் கோடை மழை முதல் சோதனை. நீர் எங்கே தேங்குகிறது என்று அன்றைக்கே நின்று பார்த்து, ஜூனுக்குள் வாய்க்காலைச் சரிசெய்யுங்கள்.