ஒரு பீஸுக்கு ஏன் இந்த விலை?

கேள்வி: சிறிய சிஎன்சி (கணினி இயக்கும் மெஷினில் உதிரிபாகம் செய்யும்) பட்டறை நடத்துகிறேன். 50 பீஸுக்குக் கொடுத்த ரேட்டிலேயே ஒரே ஒரு பீஸும் செய்து தரச் சொல்கிறார் வாடிக்கையாளர். மறுத்தால் கோபப்படுகிறார். எப்படி விலை சொல்வது?

பதில்: அந்த ரேட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். மெஷினைத் தயார் செய்யும் செட்டிங்குக்கு 2 மணி நேரம், ஒரு பீஸ் ஓட 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 50 பீஸுக்கு மொத்தம் 420 நிமிடம்; ஒன்றுக்கு எட்டரை நிமிடம்கூட வராது. ஒரே பீஸ் என்றால் 126 நிமிடம். பீஸைப் பிடிக்கும் ஜாவை மாற்றுவது, டூல் ஆஃப்செட் (டூல் முனை எங்கே இருக்கிறது என்ற அளவு) எடுப்பது, முதல் பீஸை அளந்து திருத்துவது எல்லாம் ஒன்றுக்கும் அதேதான், ஐம்பதுக்கும் அதேதான். கொட்டேஷனில் செட்டிங் கட்டணத்தைத் தனி வரியாகப் போடுங்கள். கோபம் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

அப்புறம், டிராயிங் வந்ததும் டாலரன்ஸைப் பாருங்கள், அதாவது அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற வரம்பை. ஷாஃப்ட் (சுழலும் தண்டு) முழுக்க 0.01 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும்தான் அது தேவைப்படும். போன் போட்டுக் கேளுங்கள். மற்ற இடங்களைத் தளர்த்தச் சம்மதித்தால் கிரைண்டிங் நேரம் குறையும், விலையும் நியாயமாக இறங்கும். சும்மா தரும் தள்ளுபடி எனக்குப் பிடிக்காது. அது உங்கள் உழைப்பிலிருந்து போகிறது.

மெட்டீரியல் விலை ஏறி இறங்கும். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுதிவிடுங்கள்.