லினக்ஸ் லேப்டாப் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: நான் மென்பொருள் டெவலப்பர். வேலை முழுக்க லினக்ஸில்தான். ஐந்து வருடம் உழைத்த லேப்டாப்பை மாற்றப் போகிறேன். கன்டெய்னர்கள், பெரிய கம்பைல், வெளியே இரண்டு மானிட்டர், இதுதான் என் அன்றாடம். விவரப் பட்டியலைப் படித்தால் எல்லா மாடலும் நன்றாகவே தெரிகின்றன. எதை வைத்து முடிவெடுப்பது? அடுத்த தலைமுறைச் சிப்புக்காகக் காத்திருக்கலாமா?

பதில்: சிப்பின் பெயரும் கோர்களின் எண்ணிக்கையும் பட்டியலில் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் லினக்ஸில் வேலை செய்பவரை அவை அதிகம் படுத்துவதில்லை. பையில் வைத்த லேப்டாப் உள்ளேயே சூடாகிக் கிடப்பது, மீட்டிங் தொடங்கும்போது கேமரா வராமல் போவது, ஸ்பீக்கர் தகரத்தைத் தட்டுவது போல ஒலிப்பது, இவைதான் படுத்தும். பட்டியலில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அதனால் ஒரு லைவ் யுஎஸ்பியை (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென் டிரைவ்) தயார் செய்துகொண்டு, திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்கி, முதல் மூன்று நாளைச் சோதனைக்கே ஒதுக்குங்கள்.

முதல் சோதனை ஸ்லீப். பழைய லேப்டாப்களில் எஸ்3 என்ற உறக்கநிலை இருந்தது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். அணைக்கும் பொறுப்பு ஃபர்ம்வேருடையது, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளுடையது. 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் எஸ்3 இல்லை. இப்போது இருப்பது எஸ்2ஐடில். இதில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகக் குறைந்த மின்நிலைக்கு அனுப்புகிறது. எல்லாம் இறங்கிய பிறகுதான் சிப்பும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். எஸ்எஸ்டியோ, வைஃபை கார்டோ, கார்டு ரீடரோ ஏதோ ஒன்று இறங்க மறுத்தால் போதும், திரை இருண்டிருக்கும், உள்ளே சிப் விழித்துக்கொண்டே இருக்கும்.

சோதிக்கும் முறை இது. பேட்டரியை 100% ஏற்றுங்கள். சார்ஜரையும் யுஎஸ்பியில் செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மூடியை மூடி, எட்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். மணிக்கு 1% அல்லது அதற்கும் குறைவாக இறங்கியிருந்தால் நல்லது. 60 வாட்-மணி பேட்டரியில் 1% என்றால் சராசரி 0.6 வாட். மணிக்கு 5% போனால் அது 3 வாட். அந்த இயந்திரம் இரவு முழுக்கத் தூங்கவே இல்லை என்று அர்த்தம்.

லைவ் யுஎஸ்பியிலிருந்தே சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விழித்தெழும்போது யுஎஸ்பி இணைப்பு ஒரு கணம் அறுந்தால் கணினி உறைந்துவிடும். அது லேப்டாப்பின் குறை அல்ல. பூட் செய்யும்போது டோரம் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் முழு அமைப்பும் ரேமுக்கு நகலாகும். பிறகு பென் டிரைவைக் கழற்றிவிட்டே சோதிக்கலாம்.

தூங்கியதா என்று ஊகிக்கவும் தேவையில்லை. சிஸ் அடைவில் பவர் என்பதன் கீழ் மெம்_ஸ்லீப் என்றொரு கோப்பு இருக்கும். அதில் டீப் என்ற சொல் இருந்தால் எஸ்3 இன்னும் உண்டு. எஸ்2ஐடில் மட்டும் என்றால், அதே இடத்தில் சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் என்ற அடைவுக்குள் லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப் கோப்பைப் பாருங்கள். கடைசியாக வன்பொருள் உண்மையில் உறங்கிய நேரம் மைக்ரோ நொடியில் அங்கே இருக்கும். மூடி வைத்த நேரத்துக்கு நெருக்கமான எண் வந்தால் கவலை இல்லை. பூஜ்யம் வந்தால் தடுக்கும் சாதனத்தைத் தேட வேண்டும். ஏஎம்டி இயந்திரங்களுக்கு அந்த நிறுவனமே தந்திருக்கும் எஸ்2ஐடில் சோதனைக் கருவி, எது தடுக்கிறது என்று பெரும்பாலும் பெயர் சொல்லியே காட்டிவிடும்.

சில மணி நேரம் தூங்கிய பிறகு ஹைபர்னேட் ஆகட்டும் (ரேமில் உள்ளதை டிஸ்க்கில் சேமித்து முழுதும் அணையட்டும்) என்று சிலர் திட்டமிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, பல டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் பதிப்புகளின்) கெர்னல் லாக்டவுன் என்ற கட்டுப்பாட்டு நிலைக்குப் போய் ஹைபர்னேட்டை மறுத்துவிடும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதை வாங்கும் முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமரா. இன்டெல் 12ஆம் தலைமுறைக்குப் பிறகு வந்த மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் வழக்கமான யுஎஸ்பி கேமரா இல்லை. சென்சாரிலிருந்து பதப்படுத்தாத தரவு எம்ஐபிஐ என்ற இணைப்பு வழியாக நேராகச் சிப்பில் உள்ள ஐபியு6 என்ற பகுதிக்குப் போகிறது. அந்தத் தரவை வாங்கும் டிரைவர் 2024இல் 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் சரிசெய்து படமாக்கும் வேலையை லிப்கேமரா என்ற நூலகம் மென்பொருளிலேயே செய்கிறது. புதிய டிஸ்ட்ரோவில் படம் வரும். ஆனால் யுஎஸ்பி கேமரா தரும் தெளிவை எதிர்பார்க்காதீர்கள், பிராசஸர் சுமையும் கூடும். எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பட்டியலில் கேமரா இருந்தால் அது யுஎஸ்பி வகை, பிரச்சினை இராது. ஒரே மாடலை இரண்டு வகைக் கேமராவோடும் விற்பதுண்டு. வெளியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாமல், துணை மாடல் எண்ணை வைத்து உதிரிப்பாகப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் செலவழிப்பது மிகவும் தகும்.

ஸ்பீக்கரிலும் இதே கதை. இப்போது பல மாடல்களில் சிரஸ் அல்லது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது. ஒவ்வொரு மாடலுக்கும் தனி ட்யூனிங் கோப்பு வேண்டும். அது லினக்ஸ் ஃபர்ம்வேர் தொகுப்பில் இல்லையென்றால் ஒலி மெலிந்து, அடித்தொனியே இல்லாமல் வரும், அல்லது வரவே வராது. கெர்னல் பதிவில் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தொகுப்பைப் புதுப்பித்தாலே சரியாகக்கூடும்.

கைரேகை ரீடர் என்றால் அதன் யுஎஸ்பி அடையாள எண்ணை லிப்எஃப்பிரிண்ட் திட்டத்தின் ஆதரவுப் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். வைஃபையில் இன்டெல், மீடியாடெக் கார்டுகள் பொதுவாகத் தொல்லை தருவதில்லை. கழற்றி மாற்றக்கூடிய கார்டாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் இன்டெல் ஏஎக்ஸ்211 போன்ற சிஎன்விஐ வகைக் கார்டுகள் இன்டெல் லேப்டாப்பில் மட்டுமே இயங்கும். ஏஎம்டி இயந்திரத்துக்கு அவற்றை வாங்காதீர்கள்.

உங்கள் வேலைக்கு உண்மையில் பணம் போட வேண்டிய இடம் ரேம். கன்டெய்னர்கள், பிரவுசர், எடிட்டரின் மொழி சர்வர் எல்லாம் ஒன்றாக ஓட 32 ஜிபி குறைந்தபட்சம். விர்ச்சுவல் மெஷினும் வைத்தால் 64 ஜிபி. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு பல மெல்லிய மாடல்களில் நடக்காது, எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேமைப் போர்டிலேயே சாலிடர் செய்திருப்பார்கள். இன்டெலின் லூனார் லேக் சிப்பில் ரேம் சிப்போடு ஒரே பொதியில் இருப்பதால் 32 ஜிபிதான் உச்சம். பேட்டரி நீடிப்பதில் அது அருமையான சிப், ஆனால் நீங்கள் சொல்லும் வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரேமைக் கழற்றி மாற்றக்கூடிய சோடிம் ஸ்லாட் உள்ள மாடலைத் தேடுங்கள். 2023 டிசம்பரில் தரநிலையான கேம்2 குடும்பத்தைச் சேர்ந்த எல்பிகேம்2, சாலிடர் ரேமின் வேகத்தையும் கழற்றி மாற்றும் வசதியையும் சேர்த்துத் தருகிறது. அடுத்த தலைமுறையில் டெவலப்பர்கள் உரக்கக் கேட்க வேண்டிய ஒன்று இது. இதுவரை மிகச் சில மாடல்களில்தான் வந்திருக்கிறது.

இரண்டு மானிட்டருக்கு யுஎஸ்பி-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் தரும் டாக் (பல போர்ட்கள் உள்ள வெளிப்பெட்டி) வாங்குங்கள். டிஸ்ப்ளேலிங்க் வகை டாக்கைத் தவிர்த்துவிடுங்கள். அதன் டிரைவர் கெர்னலுக்கு வெளியே இருப்பதால், கெர்னல் மாறும்போது அந்த டிரைவர் மீண்டும் பில்ட் ஆக வேண்டும். ஆகாத அன்று காலையில் இரண்டு மானிட்டரும் கறுப்பாக இருக்கும். ஏஎம்டி லேப்டாப்பில் எச்டிஎம்ஐயை நம்பி 4கே 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்க வேண்டாம். அந்நிறுவனம் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்க்க முயன்றபோது, எச்டிஎம்ஐ மன்றம் 2024இல் அனுமதி மறுத்துவிட்டது. குடா (என்விடியா கார்டில் கணக்கீடு ஓட்டும் மென்பொருள்) தேவைப்படாதவருக்கு என்விடியா கார்டும் வேண்டாம். பல மாடல்களில் வெளி போர்ட் அந்தக் கார்டோடு இணைந்திருக்கும். மானிட்டர் செருகிய நேரமெல்லாம் அது அணையாமல் மின்சாரம் தின்னும், விசிறியும் ஓயாது.

திரையின் அளவைவிடப் பிக்சல் அடர்த்தியைப் பாருங்கள். 14 அங்குலத்தில் 2880×1800 என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 243 பிக்சல். சரியாக 200% பெரிதாக்கலாம், எழுத்து கூர்மையாக இருக்கும். 13.5 அங்குலத்தில் 2256×1504 என்பது 201 பிக்சல். 100% மிகச் சிறியது, 200% மிகப் பெரியது, 150%க்குப் போக வேண்டும். வேலாண்டில் (லினக்ஸில் திரையைக் காட்டும் புதிய முறை) நேரடியாக இயங்கும் செயலிகள் இதைச் சமாளிக்கும். எக்ஸ்வேலாண்ட் வழியாக வரும் பழைய செயலிகளில் எழுத்து மங்கும். நாள் முழுக்க நிரல் படிக்கும் கண்ணுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பயாஸ் புதுப்பிப்பு எல்விஎஃப்எஸ் (லினக்ஸுக்கு ஃபர்ம்வேர் தரும் இணையச் சேவை) வழியாக வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மேலே சொன்ன ஸ்லீப் கோளாறுகளில் பல ஃபர்ம்வேரில்தான் சரியாகின்றன. அந்தத் திருத்தம் விண்டோஸ் நிரலாக மட்டும் வந்தால் உங்கள் கைக்கு எட்டுவது சிரமம். டெல், லெனோவோ, எச்பி, ஃப்ரேம்வொர்க் ஆகியவை இதில் பங்கேற்கின்றன, ஆனால் அவர்களின் எல்லா மாடலும் இல்லை. மாடல் பெயரைத் தேடி, கடைசிப் பதிப்பு எந்த மாதம் வந்தது என்று பாருங்கள். மேசையில் எப்போதும் சார்ஜரோடு வேலை செய்பவர் என்றால், 80%இல் சார்ஜை நிறுத்தும் வரம்பைக் கெர்னல் வழியாக வைக்க முடிகிறதா என்றும் சோதியுங்கள்.

காத்திருப்பது பற்றி. புதிய கெர்னல் 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. கடைக்கு வந்த வாரமே வாங்கினால், உங்கள் டிஸ்ட்ரோவின் கெர்னலுக்கு அந்தச் சிப்பைத் தெரியாமல் இருக்கலாம். டெபியன் 13 வந்தது 6.12 கெர்னலோடு. அதற்குப் பின் வெளியான வன்பொருளை அது அப்படியே புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. நிலையான டிஸ்ட்ரோதான் வேண்டும் என்றால், வெளியாகி ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆன மாடலை வாங்குங்கள். ஃபெடோரா போல விரைவாகப் புதுப்பிக்கும் டிஸ்ட்ரோ என்றால் மூன்று மாதம் போதும்.

ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் லேப்டாப்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் என்னென்ன பாகம் எங்கே இருக்கிறது என்பதை ஃபர்ம்வேரே ஏசிபிஐ வழியாகக் கெர்னலுக்குச் சொல்லிவிடும். ஆர்ம் லேப்டாப்களில் லினக்ஸ் ஓட ஒவ்வொரு மாடலுக்கும் யாராவது டிவைஸ் ட்ரீ கோப்பு எழுத வேண்டும். ஒரே சிப் உள்ள இரண்டு மாடலில் ஒன்று ஓடும், மற்றது பூட்டே ஆகாது. நீங்கள் வாங்கும் அதே மாடலின் பெயர் மெயின்லைன் (அதிகாரபூர்வ மூல) கெர்னலில் இருந்தாலொழிய, அலுவலக வேலைக்கு அதை வாங்காதீர்கள்.