ஓடிபி கோடு கொடுத்த கையோடு வழக்குக்கு வராதீர்கள்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு, ஒரு வருடத்துக்கு 8,400 ரூபாய் முன்கூட்டியே கட்டியிருக்கிறார். ஏழு மாதம் ஆகிறது, சொன்ன வேகம் வந்ததே இல்லை. ராத்திரி ஆனால் எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஆறு முறை புகார் கொடுத்து, ஆறு முறையும் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மகளுக்குப் பெங்களூர் கம்பெனி வைத்த வீடியோ இன்டர்வியூ பாதியில் உறைந்து, வேலை கை நழுவிவிட்டது. கடைசியாக வந்த டெக்னீஷியன் "உங்க வீட்டுச் சுவர்தான் சார் பிரச்னை" என்று சிரித்தாராம். மீதி ஐந்து மாதப் பணத்தைத் தருகிறோம், வீட்டில் வைத்த மோடம் பெட்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று கம்பெனி சொல்கிறது. இவர் மறுத்துவிட்டார். ஐந்து லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா, ஜெயிக்குமா என்று கேட்கிறார்.

மகள் விஷயம் வருத்தம்தான், ஆனால் அதை மனுவுக்குள் கொண்டுவராதீர்கள். வீடியோ உறையாமல் இருந்தால் வேலை கிடைத்தே இருக்கும் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, அதற்கு முன்னாலேயே "போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருக்கலாமே" என்ற கேள்வி வந்துவிடும். டெக்னீஷியன் சிரித்தது வழக்கு இல்லை. கஸ்டமர் கேரில் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டதும் வழக்கு இல்லை.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றுதான். வேகம் எங்கே குறைந்தது? தெருக் கம்பத்திலிருந்து உங்கள் ஹாலில் இருக்கும் பெட்டிக்குள் வருவதற்குள்ளா, பெட்டியிலிருந்து கிளம்பி உங்கள் கைக்கு வருவதற்குள்ளா? முன்னது என்றால் சேவைக் குறைபாடு, கம்பெனி பதில் சொல்ல வேண்டும். பின்னது என்றால் அது உங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

நீங்கள் அனுப்பிய 43 ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்தேன். எல்லாமே போனில் எடுத்தது, எல்லாவற்றிலும் மேலே வைஃபை குறி தெரிகிறது. பெட்டி கீழே ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் படுப்பது மாடியில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடுவில் கான்கிரீட் தளம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒரு தளம் தாண்டி 28 எம்பிபிஎஸ் வருவது அதிசயம் ஒன்றும் இல்லை, லைன் முழு 100ல் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான் காட்டும். அந்த டெக்னீஷியன் சிரித்தது தப்பு, சொன்னது முழுத் தப்பு என்று சொல்ல முடியாது. இந்த 43 படத்தை நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்டில், வைத்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வியில் அத்தனையையும் கட்டித் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்.

சரி, இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒவ்வொரு தடவையும் வந்த கோடை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்." எனக்குப் பகீர் என்றது அங்கேதான்.

புகாரை முடிக்கும்போது உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், நீங்கள் கோடு என்று எழுதியிருப்பது அதைத்தான். அதை டெக்னீஷியனிடம் சொன்னால் அவர் ஆப்பில் போட்டுப் புகாரை மூடுவார். உங்களுக்கு அது வெறும் நாலு நம்பர், கம்பெனியின் கணினியில் அதற்கு அர்த்தம் வேறு. குறை தீர்ந்தது, வாடிக்கையாளரே உறுதி செய்தார் என்று பதிவாகிவிடும். நீங்கள் ஆறு கோடு கொடுத்திருக்கிறீர்கள். அதாவது ஆறு முறை, உங்கள் போனிலிருந்தே, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

இதில் விழுந்தவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அனுப்பானடி பக்கம் ஒரு கட்சிக்காரர், உங்களைப் போலவே தடித்த ஃபைலோடு வந்தார், நானும் அவர் கோபத்தைப் பார்த்து மனுப் போட்டுவிட்டேன், அந்தக் கோடு விஷயத்தைக் கேட்காதது என் தப்பு. எதிர்த்தரப்பு பெரிதாக ஒன்றும் வாதாடவில்லை. ஒரே ஒரு தாளை நீட்டினார்கள். தேதி, புகார் எண், ஆள் போன நேரம், முடித்த நேரம், கடைசிக் கட்டத்தில் "வாடிக்கையாளர் கோடு பெறப்பட்டது". ஐந்து வரி. ஆணைய உறுப்பினர் அதைப் பார்த்துவிட்டு என் கட்சிக்காரரிடம் "இந்தக் கோடெல்லாம் நீங்க கொடுத்ததுதானே?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

ஏன் கொடுத்தீர்கள் என்று உங்களைத் திட்டப் போவதில்லை. அந்தப் பையன் வாசலில் நின்றுகொண்டு "சார், கோடு குடுங்க சார், இல்லேன்னா என் தலையில விழும், நாளைக்கு மறுபடி வந்து பார்க்குறேன்" என்பான், நம் ஊரில் யாருக்கு மனசு கேட்கும், காப்பியும் கொடுத்துக் கோடையும் கொடுத்து அனுப்புவோம். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆனால் அந்த "நாளைக்கு மறுபடி" எங்கேயும் பதிவாகாது, கோடு மட்டும்தான் பதிவாகும். நாளைக்கு நீங்கள் போன் போட்டால் அது புதுப் புகார், புது எண். ஏழு மாதம் தொடர்ந்து இருந்த ஒரே கோளாறு, அவர்கள் ஏட்டில் தீர்த்து வைக்கப்பட்ட ஆறு சின்னக் கோளாறுகளாக நிற்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. கோடு கொடுத்து மூடிய புகாருக்கு மேல்முறையீடு போட ஆளே வருவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி, புகாருக்குக் கொடுத்த பதிலில் திருப்தி இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், செலவு கிடையாது, அவர்கள் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஒரு மேல்முறையீட்டுத் தாள் இருந்தால் "திருப்தி" என்ற பதிவை நம்மால் உடைக்க முடியும். நீங்கள் போடவில்லை. டிராய்க்கு நேராக இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள், தனி ஆள் புகாரை அவர்கள் விசாரிப்பதில்லை, அந்த மெயிலால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் "டெலிபோன் கேஸெல்லாம் நுகர்வோர் கோர்ட்டில் எடுபடாது, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது" என்றாராம். அவர் சொல்வது 2009ஆம் வருடத்துத் தீர்ப்பு, பழைய தந்திச் சட்டத்தின் 7பி பிரிவை வைத்துச் சொன்னது. 2022 பிப்ரவரியில் அதே சுப்ரீம் கோர்ட், தனியார் தொலைத்தொடர்புக் கம்பெனிமீது நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கோர்ட் கட்டணமும் இல்லை. கவனியுங்கள், பார்ப்பது நீங்கள் கட்டிய 8,400 ரூபாயை. நீங்கள் கேட்கும் ஐந்து லட்சத்தை யாரும் கணக்கில் எடுக்கப் போவதில்லை, அவ்வளவு பெரிய தொகையைப் போட்டால் மனுவுக்கு மரியாதைதான் குறையும்.

மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் எத்தனை வாய்தா என்று என்னைக் கேட்காதீர்கள். வீடியோ கான்பரன்சில் ஆஜராகவும் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் உங்கள் வீட்டு நெட்டை நம்பி அந்த யோசனையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போராடியே தீருவேன் என்றால், பழைய ஃபைலைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்றிலிருந்து ஆரம்பியுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் நேராகப் பெட்டியில் சொருகுங்கள், வீட்டில் மற்ற எல்லாவற்றிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள், காலை ஏழு மணிக்கு ஒன்று, ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று, பத்து நாள் சோதித்துப் பாருங்கள். காலையில் 95, ராத்திரியில் 15 என்று கேபிளிலேயே வந்தால் தெருவில் அளவுக்கு மீறி ஆள் சேர்த்திருக்கிறார்கள், அது உங்கள் சுவர் இல்லை, அங்கே உங்களுக்கு வழக்கு இருக்கிறது. இரண்டு வேளையும் 95 வந்தால் இருநூறு ரூபாய்க்கு நீளமான கேபிள் வாங்கி மாடிக்கு இழுத்து, அங்கே ஒரு ரவுட்டர் வையுங்கள், என்னைப் பார்க்க வராதீர்கள். ஆள் வரும்போது பெட்டியில் ஆப்டிகல் பவர், அதாவது ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம், எத்தனை டிபிஎம் என்று காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நல்ல லைன், மைனஸ் 27ஐ ஒட்டிப் போனால் எங்கோ ஒயர் மடங்கியிருக்கிறது, இல்லாவிட்டால் அணில் கடித்திருக்கிறது. அவர் கண் முன்னாலேயே கேபிளில் வேகத்தைப் பாருங்கள், குறை அப்படியே இருந்தால் கோடு கொடுக்காதீர்கள், காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் இதெல்லாம் வேண்டாம். மீதி ஐந்து மாதம் என்றால் 3,500 ரூபாய், அவர்களாகவே தருகிறேன் என்கிறார்கள். அதோடு இரண்டு மாதத் தொகை சேர்த்துக் கேளுங்கள், தந்தால் 4,900, தராவிட்டால் 3,500ஐ வாங்கிக்கொண்டு வேறு இணைப்புக்கு மாறுங்கள். தானாக வந்த பணத்தை மறுத்துவிட்டு வந்தீர்கள் என்பதையும் எதிர்த்தரப்பு ஆணையத்தில் சொல்லும், அது உங்களுக்கு நல்லதில்லை.

அப்புறம் அந்தப் பெட்டி. "பணம் முழுசாக வரும்வரை பெட்டியைத் தர மாட்டேன்" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறீர்கள், அது கம்பெனி சொத்து, அந்த ஒரு வரியை வைத்தே உங்கள்மேல் நோட்டீஸ் விடுவார்கள். நாளைக்கே "பெட்டி தயாராக இருக்கிறது, ரசீதோடு வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அதே எண்ணுக்கும் கம்பெனி மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள். கொடுக்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் படம் எடுத்து, ரசீதில் அதே நம்பர் இருக்கிறதா பாருங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், அவர்கள் ஆப் வாலட்டில் போடுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடாப்டரையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள், போன வருடம் ஒருவரிடம் அதற்கென்று தனியாக 500 ரூபாய் பிடித்துவிட்டார்கள்.