‘இந்த மாத்திரை கேட்கவில்லை’ என்கிறார் அப்பா: பழைய பிராண்டுக்கே போய்விடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் பல வருடமாக ஒரே கம்பெனி மாத்திரைதான். செலவு கட்டுப்படியாகாததால் நான்கு மாதமாக, பிராண்ட் பெயர் இல்லாத ஜெனரிக் மருந்து விற்கும் கடையில் வாங்குகிறோம். பழைய பிரஷர் மாத்திரை வெள்ளையாக, வட்டமாக இருக்கும். இது மஞ்சள், நீளவாக்கில் இருக்கிறது. ‘இது வெறும் சுண்ணாம்பு, கேட்கவே இல்லை’ என்கிறார். சர்க்கரை மாத்திரையை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் வைத்துக் காட்டினார். கரையவே இல்லை, ஊறிப்போய்க் கிடந்தது. அவர் பல நாள் மாத்திரை போடுவதில்லை என்று அம்மா சொல்கிறார். ஆனால் டாக்டரிடம் ‘கரெக்டா போடறேன்’ என்றுதான் சொல்வார். போன வாரம் பிரஷர் 160/100 இருந்தது. டாக்டர் டெல்மிசார்டன் 40-ஐ 80 ஆக்கிவிட்டார். விலை குறைந்த மாத்திரைக்கு வீரியமும் குறைவா? பழைய பிராண்டுக்கே திரும்பிவிடலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: நீங்கள் கேட்டதற்கு முன்னால், கேட்காமல் விட்ட ஒன்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் டோஸைக் கூட்டியது, ‘தினமும் 40 போட்டும் பிரஷர் இறங்கவில்லை’ என்று நம்பி. அம்மா சொல்வது உண்மையானால் அந்தக் கணக்கே தப்பு. இனி நீங்கள் பக்கத்தில் நின்று 80-ஐத் தினமும் போட வைத்தால் பிரஷர் தேவைக்கு மேல் இறங்கலாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தலைசுற்றி விழலாம். அதனால் முதல் வேலையாக டாக்டருக்கு ஒரு போன் போட்டு, ‘அப்பா பாதி நாள் போடாமல் இருந்தாராம், 80-ஐ ஆரம்பிக்கவா, 40-ஐயே ஒழுங்காகப் போட்டுப் பார்க்கவா?’ என்று கேளுங்கள். அப்பாவைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். மாத்திரை உள்ளே போகாததால் ஏறி நிற்கும் பிரஷரை, மருந்துக்கு அடங்காத பிரஷர் என்று நினைத்து மேலும் மேலும் மாத்திரை சேர்ப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

கையோடு அலமாரியையும் ஒருமுறை துழாவிவிடுங்கள். பழைய பிராண்டின் மிச்ச அட்டைகள் கிடந்தால் எடுத்து ஒதுக்கி வையுங்கள். புதியது கேட்கவில்லை என்று நினைப்பவர் பழையதையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது உண்டு. பெயர் வேறு, மருந்து ஒன்று என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

சரி, தம்ளர் சோதனைக்கு வருவோம். அந்தச் சர்க்கரை மாத்திரை அட்டையில் மெட்ஃபார்மின் என்ற பெயரோடு எஸ்.ஆர்., பி.ஆர்., எக்ஸ்.ஆர். என்று ஏதாவது இரண்டு எழுத்து இருக்கிறதா பாருங்கள். அநேகமாக இருக்கும். அப்படியானால் அது சீக்கிரம் கரையக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட மாத்திரை. தண்ணீர் பட்டதும் அதிலுள்ள பசைப்பொருள் ஊதிக் கூழாகும். மருந்து அதன் வழியே பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மருந்தெல்லாம் இறங்கிய பிறகு வெறும் கூடு மலத்தோடு வெளியே வருவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ‘முழுசா அப்படியே வந்துடுச்சு’ என்று பயந்து வருகிறவர்கள் நிறைய. சாதாரண மாத்திரைக்கே ஆய்வகத்தில் சோதனை வேறு மாதிரி. உடம்புச் சூட்டில், 37 டிகிரி தண்ணீரில், ஒரு சின்னக் கூடையில் போட்டு மேலும் கீழும் அசைப்பார்கள். மேல்பூச்சு இல்லாதது 15 நிமிடத்திலும், மெல்லிய பூச்சு உள்ளது 30 நிமிடத்திலும் உடைந்துவிட வேண்டும். வீட்டுத் தம்ளரில் அந்தச் சூடும் இல்லை, அசைவும் இல்லை. மிச்சமிருக்கும் பழைய பிராண்ட் எஸ்.ஆர். மாத்திரை ஒன்றை அதே தம்ளரில் போட்டு அப்பாவுக்குக் காட்டுங்கள். அதுவும் இப்படித்தான் ஊறிக் கிடக்கும். விளக்கம் சொல்வதைவிட அது வேலை செய்யும். எஸ்.ஆர். மாத்திரையை இடித்தோ மென்றோ மட்டும் போட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே சமயத்தில் இறங்கிவிடும்.

வீரியம் குறைவா என்றால், குறைவு என்று நினைக்கக் காரணம் இல்லை. நம் நாட்டில் ‘கம்பெனி மாத்திரை’ என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவையே நகல்தான். மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனி வேறெங்கோ இருக்கும். காப்புரிமை முடிந்தபின் நூற்றுக்கணக்கானவர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்து விற்கிறார்கள். அப்பாவின் பழைய பிராண்டும் அநேகமாக அப்படித்தான். பெரிய பெயர் உள்ளதும் பெயரில்லாததும் இமாசலப் பிரதேசத்திலோ உத்தராகண்டிலோ ஒரே ஒப்பந்தத் தொழிற்சாலையில் தயாராவதும் உண்டு. அட்டையின் பின்பக்கம் ‘தயாரிப்பு’, ‘விற்பனை’ என்று இரண்டு முகவரி இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஜெனரிக் என்றால் இருபது சதவீதம் வரை குறைந்திருக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. இது 80 முதல் 125 சதவீதம் என்ற விதியைத் தப்பாகப் படித்ததால் வந்தது. மாத்திரையில் உள்ள மருந்தின் எடைக்கும் அந்த விதிக்கும் சம்பந்தமில்லை. ஆட்களுக்குக் கொடுத்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர்கிறது என்று மூல மருந்தோடு ஒப்பிடும்போது, மூல மருந்து 100 என்றால், சராசரி மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள சந்தேக எல்லை (கணக்கு முன்பின் இருக்கலாம் என்று விடும் இடைவெளி) முழுவதுமே 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்க வேண்டும். அப்படி அடங்க வேண்டுமானால் சராசரி நூற்றை ஒட்டித்தான் இருக்க முடியும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் தன்னிடம் வந்த 2,070 ஒப்பீடுகளை அலசி 2009-இல் வெளியிட்டது. சராசரி வித்தியாசம் சுமார் மூன்றரை சதவீதம்.

அது அமெரிக்கா, இங்கே எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு, டெல்மிசார்டனும் அதில் ஒன்று, இந்த ரத்தச் சோதனையை இந்தியா கட்டாயமாக்கியதே 2017-இல்தான். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரத்தில் தேறாத மருந்துகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லாத மாத்திரையும் வரும், பெயர் பெற்ற பிராண்டும் வரும். ஆகவே தரத்தைப் பற்றிய சந்தேகம் வைப்பதானால் இரண்டின் மேலும் வையுங்கள். 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி), 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகம் போன்றவற்றில் விலை குறைவதற்கு முக்கியமான காரணம், விளம்பரமும் பிரதிநிதிகளும் இடைக்கமிஷனும் இல்லாததுதான்.

ஆனாலும் அப்பா சொல்வதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மாத்திரையின் முகம் மாறினால் மனிதர் என்ன செய்கிறார் என்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் உள்ள பிரிகாம் மருத்துவமனைக் குழு, மாரடைப்பு வந்து மாத்திரை சாப்பிட்டுவந்த பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டது. எல்லாம் ஜெனரிக்தான், கம்பெனி மாறும்போது நிறமும் வடிவமும் மாறியிருந்தன. நிறம் மாறியபின் மாத்திரையை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபின் 66 சதவீதம். உள்ளே இருந்த மருந்து மாறவே இல்லை. உங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் மாறியிருக்கின்றன.

விலைக்கும் இதில் பங்கு உண்டு. 2008-இல் அமெரிக்காவில் 82 பேருக்குக் கையில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்து, வலி மாத்திரை என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் விலை இரண்டரை டாலர் என்றார்கள். மீதிப் பேரிடம் பத்து சென்ட்டுக்குக் குறைக்கப்பட்டது என்றார்கள். இரண்டிலும் மருந்தே கிடையாது. விலை உயர்ந்ததைப் போட்டவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, மலிவானதைப் போட்டவர்களில் 61 சதவீதம் பேருக்கு. நம்பாத மாத்திரை படுத்தவும் செய்யும். கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேரை லண்டன் இம்பீரியல் கல்லூரி வைத்து ஆராய்ந்தது. சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. கொடுத்த மாத்திரையில் எது உண்மை, எது போலி என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. உண்மையான மாத்திரை தந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்திருந்தது. அவர்கள் நடிக்கவில்லை; வலி வந்ததென்னவோ உண்மை.

இதிலிருந்து அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தலைவலி மாத்திரை கேட்கிறதா இல்லையா என்று உடம்புக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை கேட்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது; மீட்டருக்குத்தான் தெரியும். அதனால் இந்தத் தகராறை மீட்டரிடம் விடுங்கள். கையில் சுற்றும் வகை மீட்டர் ஒன்று வாங்குங்கள் (மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்). டாக்டர் சொன்ன டோஸைத் தவறாமல் போட ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் போகட்டும். அப்புறம் ஒரு வாரம், காலையில் மாத்திரைக்கு முன்னும் சாயங்காலமும், ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து சும்மா உட்கார்ந்த பிறகு, இரண்டிரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். எழுதுவது அப்பாவாகவே இருக்கட்டும். முதல் நாளை விட்டுவிட்டு மற்ற நாட்களின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85-க்குக் கீழே இருந்தால் மஞ்சள் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1.சி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பரிசோதனைக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் ஒழுங்காக இருந்து வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டிவிடலாம். எச்.பி.ஏ.1.சி. ஏறக்குறைய மூன்று மாதக் கணக்கு, அதை ஏமாற்ற முடியாது.

போடுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாத்திரையை எண்ணிப் பார்ப்பது பெரிதாக உதவாது. எண்ணுவார்கள் என்று தெரிந்தால் குப்பைக்குப் போய்விடும். கடை பில்லைப் பாருங்கள். 30 நாள் மாத்திரை வாங்கியவர் 45 நாள் கழித்து அடுத்ததை வாங்கியிருந்தால் சேதி தெரிந்துவிட்டது. ஆராய்ச்சியிலும் மருந்து வாங்கிய தேதிகளை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்குப் போடுகிறார்கள். நூறு நாளில் எண்பது நாளுக்காவது கையில் மருந்து இருந்தால் ஓரளவு ஒழுங்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் அப்பா மட்டும் விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். நீண்டகால நோய்க்கு மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வசதியான நாடுகளிலேயே பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் சொன்னது.

கேட்கும் விதமும் முக்கியம். ‘ஒழுங்கா போடறீங்களாப்பா?’ என்றால் ‘போடறேன்மா’ என்ற பதிலைத் தவிர வேறு வராது. ‘எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வரும் பதிலில் மஞ்சள் நிறத்துக்குப் பின்னால் வேறு காரணங்களும் இருக்கலாம். மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்குவதால் வெளியூர் போகும் நாளில் விட்டிருப்பார். சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதியிருப்பதால் விரத நாளில் எல்லா மாத்திரையையும் சேர்த்து விட்டிருப்பார். பல கடைகளில் ‘அதே மருந்துதான் சார்’ என்று நீட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து, ‘டெல்மிசார்டன் டேப்லெட்ஸ் ஐ.பி. 40 மி.கி.’ என்ற வரி இரண்டிலும் ஒன்றாக இருப்பதைக் காட்டியிருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்திருக்கும். கடைக்காரர் காட்டவில்லை என்றால் நீங்கள் காட்டுங்கள்.

இனி ஒரே கடையில், முடிந்தவரை ஒரே தயாரிப்பை வாங்குங்கள். காலி அட்டையைக் கொண்டுபோய் இதேதான் வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை. அட்டையை வெட்டித் தந்தால், தேதியும் பேட்ச் எண்ணும் உள்ள பக்கம் உங்களிடம் வரட்டும். கிழமை போட்ட டப்பா வாங்கினால் ஒன்று கவனியுங்கள்: டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மாத்திரை. அதை உரித்துப் போடாமல், தகட்டோடு வெட்டி டப்பாவில் வையுங்கள்; போடும்போது உரித்தால் போதும்.

எந்த மருந்தை வேண்டுமானாலும் இப்படி மாற்றலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தைராய்டு மாத்திரை, ஃபெனிடாய்ன் போன்ற வலிப்பு மருந்துகள், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கான டாக்ரோலிமஸ் ஆகியவற்றில் அளவு கொஞ்சம் பிசகினாலும் தொந்தரவு. கம்பெனி மாறினால் டாக்டரிடம் சொல்லி, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்பாவின் இரண்டும் அந்த வகை இல்லை. அவருக்கு மெட்டோப்ரோலால், அடெனோலால் மாதிரி ஏதாவது சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் எச்சரிக்கை: அவற்றைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

இதெல்லாம் செய்தும், மீட்டரே சாட்சி சொல்லியும், அவர் மனசு ஒப்பவில்லை என்றால்? பழைய பிராண்டுக்கே போங்கள். அரைகுறையாகப் போடும் மலிவு மாத்திரையில் மிச்சமாகும் காசு ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காணாது. இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதும் இல்லை. அவர் அதிகம் சந்தேகப்படுவது எது என்று கேட்டு அதை மட்டும் பழையதாக்கி, மற்றதை ஜெனரிக்கிலேயே தொடரலாம். மாற்றும் நாளில் மஞ்சள் அட்டைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இதற்கிடையில் மீட்டர் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் ஏதாவது இருந்தால், எந்த மாத்திரை என்ற பேச்சே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.